ஓரம் தெரியாத நடை

அக்கா பிறேக்கை மிதித்து கார் நின்றபோது, பம்பருக்கும் அந்த மனிதரின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அவருடைய தள்ளுவண்டி சாய்ந்து, மேலே இருந்த கத்தரிக்காய்ப் பெட்டி ரோட்டில் கொட்டுண்டது. காலை ஆறரை மணி. நல்ல வெளிச்சம்.

"கண் தெரியேல்லையே உங்களுக்கு?" என்று கேட்டார் அவர். கோபத்தில் எவரும் கேட்கிற கேள்விதான்.

அக்கா கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டார். நான் இறங்கிக் கத்தரிக்காய்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். திரும்பி வந்து ஏறியதும், "திடீரெண்டு வந்திட்டார்" என்றார் அக்கா. அவர் திடீரென்று வரவில்லை. நாங்கள் திரும்புவதற்கு முதலே அந்த இடத்தில் நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிந்தது. ஆனால் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

பரிஸ் நகரத்து லா சப்பலில் நான் வேலை செய்கிற அச்சகத்துக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. பத்து நாளைக்குக் காரை அங்கே விட முதலாளி சம்மதித்திருந்தார். அக்கா தன் புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருந்து ஓட்டிக்கொண்டு வந்து, ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் என்னை ஏற்றி, நான் வழிகாட்டக் காட்ட முற்றத்துக்குத் திரும்பும்போதுதான் இது நடந்தது. காரைப் பூட்டி, திறப்பைத் தன் சின்னப் பையில் போட்டு, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, "நட" என்றார்.

நாங்கள் போனது லு புய் என்ற ஊருக்கு. அங்கிருந்து கொங்க் என்ற ஊர் வரை மலைகளுக்கு மேலால் ஒரு பழைய கிறிஸ்தவ யாத்திரைப் பாதை போகிறது. ஆயிரம் வருடமாகச் சனம் நடக்கிற பாதை. முழுவதும் நடந்தால் ஸ்பெயின் வரை போகலாம். நாங்கள் நடக்க நினைத்தது முதல் பத்து நாள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. எனக்கு ஏழு வயது மூத்தவர். லெ பிளாங்-மெனிலிலும் சுற்றுவட்டாரத்திலும் தனியாக இருக்கிற வயதானவர்களின் வீடுகளுக்குக் காரில் போய், குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்து, டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற வேலை அவருக்கு. அதில் ஒரு கிழவி இளம் வயதில் இந்தப் பாதையை நடந்தவராம். அந்த வீட்டுச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துத்தான் தனக்கும் ஆசை வந்தது என்று அக்கா சொன்னார். அத்தானிடம் மட்டும் அது நேர்த்திக்கடன் என்று சொல்லியிருந்தார். நேர்த்தி என்றால் அவர் மறுக்கமாட்டார்.

"ஆருக்கு நேர்த்தி அக்கா? அது வேதக்காரரின்ரை பாதையெல்லே" என்று நான் கேட்டேன்.

"முதலிலை நடப்பம். ஆருக்கெண்டு பேந்து பாப்பம்."

அத்தானுக்கு ரெஸ்ரோறண்ட் குசினியில் வேலை, லீவு கிடைக்காது. அதனால் அக்கா என்னைக் கேட்டார். அக்கா என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். ஆகவே ஓம் என்றேன்.

முதல் நாள் லு புய் தேவாலயத்துப் படிகளில் இறங்கி ஊரை விட்டு வெளியே வந்தோம். எரிமலைக் கல் சுவர்கள், பச்சைப் பருப்பு விதைத்த வயல்கள், மேலே ஒரு தடையும் இல்லாத வானம். அக்கா எனக்கு முன்னால் நடந்தார். பாதையைக் காட்ட மரங்களிலும் மின்கம்பங்களிலும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு கீறியிருப்பார்கள். என் கண்ணில் படுவதற்கு முதலே அவர் அதைக் கண்டுவிடுவார். "அங்கை பார், கோயில் கோபுரம்" என்று காட்டுவார். நான் கண்ணைச் சுருக்கித் தேடவேண்டியிருக்கும். இவ்வளவு தூரத்தை இப்படித் துல்லியமாகப் பார்க்கிறவர் அடிக்கடி கல்லில் கால் தடுக்கினார். பக்கத்தில் நின்று நான் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வாங்காமல் நடந்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன். அன்றைக்குத் தங்கின இடத்தில், சாப்பாட்டு மேசையில் தன் கிளாசை எடுக்க முதல் கையை மேசை விரிப்பின் மேலாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். களைப்பு என்று நினைத்தேன். தெரிந்துகொள்ள விருப்பமில்லாத ஒருவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் நாள் ரோஷ்கூட் என்ற சிற்றூரைத் தாண்டினோம். பாறை நுனியில் ஒரு சின்னத் தேவாலயமும் பாதி இடிந்த ஒரு காவற் கோபுரமும் இருந்தன. அதற்குக் கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து மொனிஸ்த்ரோல் வரை செங்குத்தான இறக்கம். இரவு மழை பெய்திருந்தது. பாதை காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பட்டென்று குறைந்தது. பைன் வேர்கள், ஈரப் பாறை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

பத்தடி போனதும் அக்கா நின்றுவிட்டார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. நீ போ, வாறன்."

நான் கொஞ்சம் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவர் ஊன்றுதடியால் முன்னாலுள்ள நிலத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். ஒரு காலைத் தூக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு இடப்பக்கமாக ஒரு எட்டு வைத்தார். அது பள்ளத்தின் பக்கம். ஈர இலைகளுக்குக் கீழே மண் சரிந்து ஒரு கால் வழுக்க, முழங்காலில் விழுந்து, கையில் கிடைத்த வேரைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓடிப்போய் முதுகுப்பையில் பிடித்து இழுத்தேன். இருவரும் பாறையில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தோம்.

"பள்ளத்துக்குள்ளை காலை வைக்கிறியள். காணேல்லையே?"

அவர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன நினைத்துச் செய்தேனோ தெரியாது. என் கையை அவருடைய முகத்துக்குப் பக்கவாட்டில், காதுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் விரல்களை ஆட்டினேன். கண் அசையவில்லை. கையை மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தேன். மூக்குக்கு நேரே வரும் அளவுக்குக் கிட்ட வந்த பிறகுதான் திடுக்கிட்டு, "என்னடா செய்யிறாய்?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்ளுக்குக் கருகிக்கொண்டு வருகிற நோயாம். நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சியிருக்கிறது. அந்த வட்டத்துக்குள்ளே தூரத்துக் கோபுரம் தெளிவாகத் தெரியும். காலடி தெரியாது, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது, வெளிச்சம் குறைந்தால் எதுவுமே தெரியாது.

"எப்ப தொடக்கம்?"

"பேர் தெரிஞ்சது மாசி மாசம். அதுக்கு முதலே கன வருசமா இருந்திருக்கு. எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"அத்தானுக்கு?"

"தெரியாது."

அப்போதுதான் எனக்குத் தள்ளுவண்டி மனிதர் ஞாபகம் வந்தார். அந்த முழங்கால். ஒரு சாண்.

"கார் ஓடுறியள்" என்றேன். "டொக்டர் ஓடவேண்டாம் எண்டு சொல்லேல்லையே?"

"சொன்னவர்."

"நாலு மாசமா ஓடுறியள். அந்தக் கிழவியையும் ஏத்திக்கொண்டு ஓடுறியள். ஆரும் பிள்ளை குறுக்கை வந்திருந்தா?"

என் குரல் பள்ளத்தாக்கில் பட்டுத் திரும்பி வந்தது. மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த இரண்டு யாத்திரிகர்கள் தயங்கி நின்று, நாங்கள் வழிவிட, தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். அவர்கள் போன பிறகு அக்கா தடியைத் தேடி எடுத்தார்.

"இறங்கினாப் பிறகு ஏசு, தம்பி" என்றார். "இப்ப எனக்குக் காலை எங்கை வைக்கிறதெண்டு சொல்லு."

நான் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி பின்புறமாக இறங்கினேன். வலது கால், ஒரு சாண் கீழை, கல். இடது கால், வேர், அதுக்கு அங்காலை வை. தடியை ஊண்டு. நில். அரை மணித்தியாலத்தில் இறங்கவேண்டிய இறக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் போயிற்று. என்னுடைய கால் எங்கே போகிறது என்று ஒரு தடவையும் நான் பார்க்கவில்லை.

மொனிஸ்த்ரோலில் ரயில் நிலையம் இருந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, திரும்பிப் போவோம் என்றேன். மாட்டேன் என்றார். அத்தானுக்குச் சொல்லுங்கோ என்றேன். கொங்க் போய்ச் சேர்ந்த பிறகு தானே சொல்லுவதாகவும், அதுவரை நான் வாய் திறக்கக்கூடாது என்றும் சொன்னார்.

"அப்ப கார்த் திறப்பைத் தாங்கோ."

"ஏன், இஞ்சை கார் நிக்குதே?"

"தாங்கோ அக்கா."

"கார் ஓடுற பெர்மியைத் திருப்பிக் குடுத்தா வேலை போச்சு. நாலு வீட்டுக்கும் பஸ்ஸிலை போகேலாது. உனக்கு இது விளங்காது." சின்னப் பையின் சிப்பை இழுத்து மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஏற்றத்தில் பாறைக் குடைவுக்குள் ஒரு தேவாலயம் இருந்தது. எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். நாங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் கடந்தோம்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு முறை உண்டாயிற்று. வெட்டை வெளியில் அவர் தனியாக நடப்பார். மரநிழல் வந்தால் என் முதுகுப்பைப் பட்டியைப் பிடித்துக்கொள்வார். நான் "வேர்", "கல்", "தண்ணி", "படி" என்று சொல்லிக்கொண்டு போவேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அத்தான் போன் எடுப்பார். அக்கா அவரோடு சிரித்துச் சிரித்துக் கதைத்துவிட்டு, போனை என்னிடம் தருவார்.

"எப்பிடி நடக்கிறா உன்ரை கொக்கா?" என்று கேட்பார் அத்தான்.

"நல்லா நடக்கிறா அத்தான்" என்பேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்தச் சின்ன வட்டத்தால்.

எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. யாத்திரிகர் விடுதிகளில் ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் படுப்போம். விடிய எழும்பி அக்கா கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது, யாருடைய சப்பாத்தில் கால் இடறுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். கூட வந்தவர்கள் எவருக்கும் தெரியாது. அவர் அவ்வளவு கெட்டித்தனமாக மறைத்தார். வாசல் எங்கே, படி எத்தனை, குளியலறை எந்தப் பக்கம் என்று போய் இறங்கின கையோடு எண்ணி வைத்துக்கொள்வார். என்னை அதிகம் பயப்படுத்தியது அந்தக் கெட்டித்தனம்தான். இவர் பரிஸுக்குத் திரும்பிப் போய், இதே கெட்டித்தனத்தோடு காரில் ஏறி உட்காருவார்.

ஐந்தாம் நாள் காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், சின்னப் பையைத் திறந்து திறப்பை எடுத்து என் கால்சட்டைப் பைக்குள் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் அக்காவின் பொருள் ஒன்றைக் களவெடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் வந்து பையைக் கழுத்தில் மாட்டினார். விரல்களால் ஒரு தடவை அமத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. நிழல் வந்தால் மட்டும் பட்டியைப் பிடித்தார். முன்னையிலும் பார்க்க இறுக்கிப் பிடித்தார்.

ஏழாம் நாள் ஒப்ராக் மேட்டுநிலத்தில் நடந்தோம். மரமே இல்லாத பெரும் புல்வெளி. கருங்கல் அடுக்கிய மதில்கள், மின்கம்பி வேலிகள், கழுத்தில் மணி கட்டிய மண்ணிற மாடுகள். பாதை வேலிகளைத் தாண்டித் தாண்டிப் போகும். ஒவ்வொரு படலையையும் திறந்து, திரும்ப மூடவேண்டும். மூன்றாவது படலையை நான் மூடிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் நின்று சொன்னார்.

"என்ரை பையைத் திறந்தனி."

"ஓம்."

"கேட்டு எடுத்திருக்கலாம்."

"கேட்டனான். தரேல்லை."

"உனக்கு என்ன தெரியும்? முப்பது வருசமா ஒருத்தரிட்டையும் கை நீட்டாமல் இருந்தனான். இனி ஒவ்வொரு இடத்துக்கும் ஆற்றையும் கையைப் பிடிச்சுக்கொண்டு போகோணும். அதுக்கு முதல் ஒரு நாலு மாசம் நான் நானா இருந்தா உனக்கென்ன?"

"அந்த நாலு மாசத்திலை ஆரையும் அடிச்சிருந்தா?" என்றேன். "நீங்கள் ஒரு ஆளை மட்டும்தான் நினைக்கிறியள்."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அல்லது சொல்லத்தான் வேண்டியிருந்ததோ, இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை. அக்கா திரும்பி நடக்கத் தொடங்கினார். வெட்டை வெளி, நேரான பாதை, நல்ல வெளிச்சம். அவரால் தனியாக நடக்க முடியும். நான் படலைத் தூணில் சாய்ந்து நின்று, அவரைக் கண் காணும் தூரத்துக்குப் போகவிட்டேன். போகட்டும் என்று நினைத்தேன்.

மேற்கே இருந்து முகில் இறங்கியதை நான் கவனிக்கவில்லை. சப்பாத்து லேசைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, தூரத்து மதிலைக் காணவில்லை. பிறகு கிட்டடி மதிலையும் காணவில்லை. அக்காவின் சிவப்புப் பை மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

கூப்பிட்டேன். காற்று என் குரலை அப்படியே வாங்கிக்கொண்டது. ஓடினேன். ஓடின வேகத்தில் பாதையை விட்டு விலகிவிட்டேன். காலுக்குக் கீழே புல் சதுப்பாகி, கணுக்கால் வரை தண்ணீர் ஏறியது. எதிரே பெரிய உருவம் ஒன்று அசைந்தது. மாடு. வலப்பக்கம் மணிச் சத்தம், இடப்பக்கமும் மணிச் சத்தம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்று தெரியவில்லை. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. மேட்டுநிலத்தில் குளிர் சட்டென்று ஏறும் என்று விடுதிக்காரி காலையில்தான் சொல்லியிருந்தார். அக்காவின் மழைக்கோட்டு என்னுடைய பைக்குள் இருந்தது. பாரம் குறையட்டும் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அத்தானுக்கு என்ன சொல்வது என்று நினைத்தேன். "நல்லா நடக்கிறா" என்று ஐந்து நாளாகச் சொன்ன வாயால் என்ன சொல்வது.

எவ்வளவு நேரம் அப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு மணித்தியாலம் இருக்கலாம், இருபது நிமிடமாகவும் இருக்கலாம். மூச்சு வாங்க ஒரு கணம் நின்றபோதுதான் குரல் கேட்டது. சாதாரணமாகக் கதைக்கிற குரல்.

"தம்பி, ஓடாதை. நில்."

"எங்கை நிக்கிறியள்?"

"உன்ரை காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். ரெண்டு தரம் கூப்பிட்டனான், சதக்கு சதக்கெண்டு ஓடுற சத்தத்திலை உனக்குக் கேக்கேல்லை. என்னைத் தாண்டிப் போட்டாய். திரும்பு. மெல்ல வா. வலப்பக்கம் கம்பி இருக்கு, கை வைச்சிடாதை, கரண்ட் இழுக்குது."

குரல் வந்த பக்கம் நடந்தேன். இருபது அடிகூட இல்லை. ஒரு கல்மதிலில் முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைமயிரில் பனித்துளி. உதடு நீலமாகியிருந்தது. நான் மழைக்கோட்டை எடுத்துப் போர்த்திவிட்டேன். பொத்தானைப் பூட்ட என் விரல்களுக்கு ஏலவில்லை. அவரே பூட்டினார்.

"முகில் வரேக்கையே நிண்டிட்டன்" என்றார். "தெரியாட்டி அந்த இடத்திலையே நிக்கிறது. இந்த நாலு மாசத்திலை நான் பழகினது அது ஒண்டுதான். நீ ஏன் ஓடினனி?"

"நீங்கள் விழுந்திட்டியளோ எண்டு."

"விழுந்தா எழும்புவன்." பிறகு, "உன்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனான் எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

"தனிய வரப் பயம்."

"அதுவும்தான்." அவர் என் முகத்தைத் தேடி, வட்டத்துக்குள் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சொன்னார். "டொக்டர் கேட்டவர், கூடப்பிறந்த ஆக்கள் இருக்கினமோ எண்டு. ஒரு தம்பி இருக்கிறான் எண்டனான். அவரும் கட்டாயம் வந்து கண்ணைக் காட்டோணும், இது குடும்பத்துக்குள்ளை வாறது, என்ரை பிள்ளையளிலும் பாக்கக் கூடப்பிறந்த ஆக்களுக்குத்தான் வரக்கூடும் எண்டவர். உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நாலு மாசமா வைச்சுக்கொண்டிருந்தனான். நடக்கேக்கை சொல்லலாம் எண்டு பாத்தன்."

என் வாயில் முதல் வந்த சொல் "எனக்கோ?" என்பதுதான். "பாவம் அக்கா" என்றில்லை. என் மகளின் பேர்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. அக்கா அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் குத்திக் காட்டவில்லை.

"ஓம், உனக்கும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். போய்க் காட்டு."

முகில் விலக அரை மணித்தியாலம் எடுத்தது. அதுவரை அந்த மதிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். எழும்பும்போது அவர் சொன்னார், "அந்தத் திறப்பை நீயே வைச்சிரு. திருப்பித் தராதை, நான் கேட்டாலும்."

அதன் பிறகு மூன்று நாள் நடை. இப்போது நான்தான் மோசமாக நடந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் நேரே பார்த்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களை ஆட்டி, தெரிகிறதா என்று சோதித்தேன். தெரிந்தது. பிறகு, தெரிவதாக நான் நினைத்துக்கொள்கிறேனோ என்று பயம் வந்தது. காட்டுக்குள் நுழையும்போது எனக்கும் இருட்டியது. எல்லோருக்கும் இப்படித்தான் இருட்டுமா, எனக்கு மட்டுமா? கூட நடந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம், இஞ்சை இருட்டா இருக்கே என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஆமாம், மரங்கள் என்றார் அவர். எஸ்தாங் என்ற ஊரில் பழைய கோட்டையின் நிழல் ஆற்றில் கிடந்தது. அழகான இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் ஞாபகம் இருப்பது, பாலத்தில் நின்று என் இடது கையை ஆட்டிப் பார்த்தது மட்டும்தான்.

கொங்க் ஊருக்கு இறங்குகிற பாதையும் கல்லும் செங்குத்துமானது. அக்கா பட்டியைப் பிடித்தார், நான் சொன்னேன், இறங்கினோம். தேவாலயத்துக்கு முன்னால், வாசலில் செதுக்கிய கற்சிற்பங்களை அவர் நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு உருவமாக, வட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, தானே அத்தானுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். நோயின் பெயரை, காரை, என்னைப் பொய் சொல்ல வைத்ததை.

அந்தப் பக்கம் குசினியின் சத்தம் கேட்டது. பாத்திரங்கள், யாரோ யாரையோ கூப்பிடுவது. பிறகு கதவு ஒன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டு, குசினி அடங்கியது.

"நிக்கிறியளே?" என்று கேட்டார் அக்கா.

"நிக்கிறன்" என்றார் அத்தான். "நத்தார்ப் பண்டிகைக்கு முதல், படியிலை நான் லைட்டை நிப்பாட்டிப் போட்டன் எண்டு என்னோடை சண்டை பிடிச்சனி. அது இதாலையோ?"

"ஓம்."

"நான் அதுக்கு உன்னோடை மூண்டு நாள் கதைக்கேல்லை" என்றார் அத்தான். அவருடைய குரல் உடைந்தது. அக்கா ஸ்பீக்கரை நிறுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். நான் எழும்பிப் போய் தேவாலயத்துக்குள் நின்றேன்.

பரிஸுக்கு வந்த அன்றைக்கு அத்தான் லா சப்பலுக்கு வந்து, என்னிடம் திறப்பை வாங்கி, காரை ஓட்டிக்கொண்டு போனார். அக்கா பக்கத்து இருக்கையில் இருந்தார். வேலை கொடுத்தவர்களிடம் அவரே போய்ச் சொன்னார். இரண்டு வீடுகள் போய்விட்டன. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த இரண்டு வீடுகள் மிஞ்சின. அதில் ஒன்று படங்கள் மாட்டிய அந்தக் கிழவியின் வீடு.

எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க ரொந்தேவூ மூன்று கிழமை கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று கிழமையும் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அக்காவுக்கும் எழுத்துத் தெளிவாகத்தானே தெரிகிறது என்று அடுத்த நொடியே நினைப்பு வரும். வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். மகளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய புத்தகப் பை கதவில் இடிபட்டாலும் திரும்பிப் பார்த்தேன். "க்வா?" என்பாள், என்ன என்று. ஒன்றுமில்லை என்பேன்.

சோதனைக்கு அக்காவும் கூட வந்தார், வேண்டாம் என்று சொல்லியும். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நாடியை ஒரு தாங்கியில் ஊன்றி, நடுவில் உள்ள புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஓரங்களில் சின்ன வெளிச்சம் தோன்றும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அமத்தவேண்டும். வெளிச்சம் வந்தது, அமத்தினேன். வந்தது, அமத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு நொடி, மூன்று நொடி. வரவில்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா? மறுபடி ஒரு புள்ளி. அமத்தினேன். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஒப்ராக் முகிலுக்குள் ஓடின நேரத்தைவிட இது நீளமாக இருந்தது.

டொக்டர் இளம் பெண். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, பிறகு சொன்னார். என் இரண்டு விழித்திரைகளிலும் ஒன்றுமில்லை. இந்த வயதுவரை ஒரு அடையாளமும் இல்லாவிட்டால் இனி வராது என்றே வைத்துக்கொள்ளலாம். மகளுக்காகப் பயப்படத் தேவையில்லை, விரும்பினால் ஒரு தடவை காட்டலாம்.

வெளியே வந்தேன். அக்கா கதிரையில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் நான் வந்தது வேறு வாசலால், அவருடைய பக்கவாட்டிலிருந்து. அவருக்குத் தெரியவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றேன். சந்தோசம் உடம்பு முழுக்க ஓடியது. அதை முகத்திலிருந்து எடுத்துவிட்டு அவரிடம் போகவேண்டும் என்று முயன்று பார்த்தேன், முடியவில்லை. சுற்றிப் போய் அவருக்கு நேரே நின்றேன்.

"ஒண்டும் இல்லையாம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து, தன் கன்னத்தில் வைத்து, விட்டார். மெத்ரோவில் லா சப்பலுக்கு வந்தோம். ஒரு கடையில் பிளேன்ரீ எடுத்து உட்கார்ந்தோம். சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். அக்கா கிளாசைக் கையால் தேடி எடுத்தார். இப்போது அதை அவர் மறைக்கவில்லை.

"தம்பி" என்றார். "எனக்குச் சந்தோசம்தான். அதை நீ நம்போணும்."

"நம்புறன்."

"ஆனா கோவமும் வருது. உனக்கு இல்லை, எனக்கு மட்டும்தான் எண்டு. நீ எனக்கு முன்னாலை வந்து நிண்டு ஒண்டுமில்லை எண்டு சொல்லேக்கை, உன்னை அடிக்கோணும் போலை கிடந்தது. இதை நான் அவரிட்டைச் சொல்லேலாது. பிள்ளையளிட்டைச் சொல்லேலாது. உன்னட்டைத்தான் சொல்லலாம். நீதான் கேக்கோணும்."

"சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

சொன்னார். முதலில் மெல்ல, பிறகு பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நான் குறுக்கே பேசவில்லை. சமாதானம் சொல்லவில்லை. அவர் முடிக்கும்வரை, அவருக்கு நேரே, அவர் என்னைப் பார்க்கக்கூடிய இடத்திலேயே அசையாமல் இருந்தேன்.